அம்மா உட்காரப் பழகுகிறாள்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய். நானும் நலம் என்று எழுத ஆசைதான், அம்மா விட்டால்தானே.

கடிதமா என்று சிரிக்காதே. வீட்டுப் போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். என் செல்போனைத் தன்னுடையது போல எடுத்துப் படிக்கிறாள். கடையிலிருந்து கூப்பிடலாம் என்றால், பேச ஆரம்பித்ததும் ஒன்று அழுதுவிடுவேன், இல்லை கத்திவிடுவேன். எழுதினால் இரண்டையும் அடித்துவிட்டு அனுப்பலாம். பதிலை மருந்துக் கடை முகவரிக்கே போடு. முதலாளி என் கடிதத்தைப் பிரிக்க மாட்டார். அவருக்கு வந்து இறங்குகிற பெட்டிகளைப் பிரிக்கவே நேரமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா உட்காரப் பழகுகிறாள்.

போன மாதம் பாப்பா போனில், "பாட்டி, நீங்க ஏன் எங்க வீட்டுக்கு வரவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள் அல்லவா? நீ உடனே நடுவில் புகுந்து, பாட்டிக்கு இடுப்பு வலி, பிளேனில் இருபத்திரண்டு மணி நேரம் உட்கார முடியாது என்று சொல்லி முடித்துவிட்டாய். மறுநாள் காலையில் அம்மா சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னல் ஓரமாகப் போட்டாள். அதற்கு முன்னால் இன்னொரு நாற்காலி, முதுகு தன் பக்கம் இருக்கும்படி. நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று என்னைக் கேட்டாள். முழங்கால் இடிக்க வேண்டும் என்று விளையாட்டுக்குச் சொன்னேன். இடிக்கிற மாதிரியே நெருக்கிப் போட்டாள். அப்பாவின் பழைய பெல்ட்டை எடுத்து, நாற்காலி முதுகோடு சேர்த்து இடுப்பில் மாட்டிக்கொண்டாள்.

"பிளேன்ல எத்தனை தடவை எழுந்திரிக்க விடுவாங்க?" என்று கேட்டாள்.

எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுந்திருக்கலாம் என்றேன். நம்பவில்லை. பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தொந்தரவாம். ரெண்டு தடவை என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

முதல் நாள் இரண்டு மணி நேரம். இப்போது ஆறு. நான் வீட்டில் இருக்கும் நாட்களில் எனக்கும் வேலை உண்டு. நாற்காலிக் கையை ஒரு தட்டு தட்டுவாள், நான் தண்ணீரோடு போய் நிற்க வேண்டும். சிரித்த முகமாக நிற்க வேண்டுமாம். நேற்று டீயில் சர்க்கரை குறைவு என்று புகார். அடுத்த தடவை வேறு கம்பெனி பிளேனில் போய்க்கொள் என்றேன். சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ நாள் ஆகிறது. அதனால்தான் இந்தக் கூத்தை நான் நிறுத்தவில்லை.

ஆனால் அவளுக்கு இது கூத்து இல்லை. இருபத்திரண்டு மணி நேரம் உட்கார்ந்து காட்டிவிட்டால் நீ அழைத்துக்கொண்டு போவாய் என்று நம்புகிறாள். அப்பா போன பிறகு நாம் மூன்று பேரும் அதே மேசையில் உட்கார்ந்து பேசினோம். ஆறு மாதம் என்னோடு, ஆறு மாதம் உன்னோடு. நான்கு வருஷம் ஆகிறது, உன் ஆறு மாதம் இன்னும் பிறக்கவில்லை. அதைக் கேட்க நான் இதை எழுதவில்லை. கேட்கத்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அவளிடம் ஏதாவது ஒன்று சொல். வா என்று சொல், இல்லை வராதே என்று சொல். எவ்வளவு நேரப் பயணம் என்று உனக்குத்தான் தெரியும்.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 16

அக்காவுக்கு,

உன் கடிதத்தை முப்பத்தொன்றாம் மாடியில், நின்றுபோன லிஃப்டுக்குள் தரையில் உட்கார்ந்து படித்தேன். சிரித்த சத்தம் கேட்டுக் கூட வேலை செய்கிறவன், உள்ளே காற்று இல்லாமல் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் லிஃப்ட் ரிப்பேர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், வெளியே நின்றுகொண்டு "அஞ்சே நிமிஷம்" என்போம். அரை மணி ஆனாலும் அதே அஞ்சு நிமிஷம்தான். உண்மையைச் சொன்னால் உள்ளே இருக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள்.

அம்மாவை எப்படியாவது நிறுத்து அக்கா. வீம்பு பிடித்தால் விடமாட்டாள் என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் நிறுத்து. போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பேசும்போது நானும் ஒரு முயற்சி செய்தேன். இப்போது இருபத்திரண்டு இல்லையம்மா, நடுவில் இறங்கும் ஊரில் காத்திருப்பைக் கூட்டிவிட்டார்கள், இருபத்துநாலு ஆகிவிட்டது என்றேன். செருப்பைக் கழற்ற வேண்டும், தூரம் தூரமாக நடக்க வேண்டும் என்றேன். பயந்து விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். "அப்படியா, இருபத்துநாலா" என்று மட்டும் கேட்டாள்.

இங்கே வீடும் சின்னது. உனக்கே தெரியும், ஒரு அறையும் ஒரு கூடமும்தான். பாப்பாவுக்குப் பள்ளி விடுமுறை வரட்டும், நாங்களே வரப் பார்க்கிறோம். பார்க்கிறோம் என்றுதான் சொல்கிறேன், அம்மாவிடம் தேதி எதுவும் சொல்லிவிடாதே.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். கழுத்துக்கு மாட்டிக்கொள்ளும் தலையணை. உட்கார்ந்துதான் தீருவேன் என்றால் கழுத்தாவது வலிக்காமல் இருக்கட்டும். கடையில் அதைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்தது, வாங்காமல் வர முடியவில்லை.

இன்னொன்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். பரவாயில்லை, பிறகு எழுதுகிறேன்.

தம்பி

&nbsp;

மார்ச் 1

தம்பிக்கு,

உன் தலையணை வந்து சேர்ந்தது. புத்திசாலி! யாராவது ஒருத்தியிடம் பயணம் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பயணத் தலையணை வாங்கி அனுப்புவார்களா? அம்மா அதை டிக்கெட் என்றே நினைத்துவிட்டாள். கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். "அவன் மனசுல இருக்கு, வாயால சொல்ல மாட்டேங்கறான்" என்று எனக்கு விளக்கம் வேறு.

நீ சொன்ன இருபத்துநாலு வீண் போகவில்லை. பழகும் நேரத்தைக் கூட்டிவிட்டாள். சனிக்கிழமை பதினோரு மணி நேரம் உட்கார்ந்தாள். இரண்டே தடவைதான் எழுந்தாள். தண்ணீர் குடித்தால் எழுந்திருக்க வேண்டி வரும் என்று தண்ணீரையும் குறைத்துவிட்டாள். சாயங்காலம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தபோது காலைப் பார்த்தேன். கணுக்கால் என்று ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. அம்மாவுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. அழுத்தி அழுத்திப் பார்க்கிறாள். "பாவம்டி அவன். ஒவ்வொரு தடவையும் இந்தக் காலோடதானே வந்து இறங்கியிருப்பான், ஒரு வார்த்தை சொன்னதில்லை பாரு" என்றாள்.

அந்த இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. இனி அடித்துத் திருத்தாமல் எழுதுகிறேன்.

நேற்று கடைக்கு, தெருமுனையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்துப் பெண் தலைவலி மாத்திரைக்கு வந்தாள். பேச்சுவாக்கில் உன் ஊர் பெயரைச் சொல்லி, அங்கே போக இருபத்திரண்டு மணி நேரம் ஆகுமாமே என்றேன். அவளுக்குத் தலைவலி போய்விட்டது, அப்படிச் சிரித்தாள். இங்கிருந்து அங்கே நேராகவே பிளேன் இருக்கிறதாம். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். நாலு மணி நேரம். காற்று சாதகமாக இருந்தால் அதிலும் பத்து நிமிஷம் குறையும் என்றாள்.

நாலு மணி நேரம்! நம் பெரியப்பா வீட்டுக்குப் பேருந்தில் போனால் ஆறு மணி நேரம் ஆகும். அங்கிருந்து பெரியம்மா எத்தனை தடவை நம் வீட்டுக்கு வந்து போயிருக்கிறாள்?

நீ கிளம்பிப் போகும் நாளெல்லாம் இங்கே என்ன நடக்கும் தெரியுமா? அம்மா படுக்க மாட்டாள். நீ ஆகாயத்தில் இருக்கும்போது தான் மட்டும் காலை நீட்டிப் படுத்துக் கிடப்பதா என்பாள். போன் பக்கத்தில் உட்கார்ந்தே இருப்பாள். மறுநாள் நீ "இறங்கிட்டேன்மா" என்று கூப்பிட்ட பிறகுதான் தலையணையில் தலை வைப்பாள். ஒவ்வொரு தடவையும்.

உண்மையா, பொய்யா? ஒரே வரியில் எழுதினால் போதும்.

அக்கா

&nbsp;

மார்ச் 12

அக்காவுக்கு,

உண்மை. நாலு மணி நேரம்தான்.

ஒரே வரி போதும் என்றாய். போதாது, எழுதவிடு.

முதல் இரண்டு தடவை நான் சொன்னது பொய் இல்லை. அப்போது இரண்டு பிளேன் மாறி, நடுவில் ஒன்பது மணி நேரம் பெஞ்சில் காத்துக் கிடந்து, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரிதான் வந்தேன். அதில் டிக்கெட் மலிவு. முதல் தடவை வந்து இறங்கியபோது அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கஷ்டப்பட்டு அடிக்கடி வராதப்பா" என்றாள். உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. அதைக் கேட்டதும் நெஞ்சில் இருந்த ஒரு பாரத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

பிறகு நேர் விமானம் விட்டார்கள். மூன்றாவது தடவை அதில்தான் வந்தேன். வாசலில் நின்ற அம்மா, "ஐயோ, இருபத்திரண்டு மணி நேரம்" என்று கன்னத்தைத் தொட்டாள். இல்லையம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். நாலு மணி நேரம்தானே, பிறகு ஏன் வருஷத்துக்கு ஒரு தடவைகூட வருவதில்லை? நாலு மணி நேரம்தானே, என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை? என் மனைவி தடுத்தாளோ என்று நீ நினைப்பாய். அவள் இரண்டு தடவை கேட்டாள், அத்தையை எப்போது அழைத்து வருகிறீர்கள் என்று. அவளிடமும் இடுப்பு வலியைத்தான் சொன்னேன். எனக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை வசதியாக இருந்தது. அவ்வளவுதான். வேலை, வீடு, பாப்பா, ஞாயிற்றுக்கிழமை ஒரு போன். நடுவில் அம்மாவின் மாத்திரை, அம்மாவின் தூக்கம், அம்மாவின் கால் எல்லாம் வேண்டாம் என்று இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் இருபத்திரண்டு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஊரார் எல்லோருக்கும் நேரத்தைக் குறைத்துச் சொல்கிறவன், பெற்றவளுக்கு மட்டும் கூட்டிச் சொன்னேன்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்து இறங்கியதும் உங்களைக் கூப்பிட முடியாது அல்லவா? நாலு மணி நேரத்தில் கூப்பிட்டால் குட்டு உடைந்துவிடும். அதனால் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மறுநாள் வேலைக்குப் போய், அங்கிருந்துதான் கூப்பிடுவேன். "இப்பதாம்மா இறங்கினேன், உடம்பெல்லாம் வலி" என்பேன். அந்த நேரமெல்லாம் அம்மா உட்கார்ந்திருந்தாள் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா என்றால், சத்தியமாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன். நீ சொல்லிவிடாதே. என் வாயால் வரட்டும். அதுவரை அந்த நாற்காலியை மட்டும் எங்காவது ஒளித்து வை.

தம்பி

&nbsp;

மார்ச் 28, ஆஸ்பத்திரி

தம்பிக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நீ நாளை காலை வந்துவிடுவாய். திரும்பிப் போகும்போது உன் பையில் வைத்துவிடுவேன், பிளேனில் படி. நாலு மணி நேரத்துக்கு இது தாராளமாகப் போதும்.

காலையில் போனில் அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். நான் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை பெய்கிறதா என்று கேட்டாய். பாப்பாவுக்குப் பல் விழுந்த கதையைச் சொன்னாய். லிஃப்டில் ஒரு நாய் மாட்டிக்கொண்டதாம், அதைச் சொன்னாய். பிறகு வைத்துவிட்டாய். அம்மா, "பையன் இன்னைக்கு ரொம்ப நேரம் பேசினான்" என்று சந்தோஷப்பட்டாள். அதற்கு அடுத்த ஞாயிறு நீ கூப்பிடவே இல்லை.

நாற்காலியை ஒளித்து வைக்கச் சொன்னாய். ஒளித்தேன். நான் கடைக்குப் போனதும் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பழகியிருக்கிறாள். முதுகுக்குச் சாய்மானம்கூட இல்லாமல். புதன்கிழமை நான் காலையில் கிளம்பும்போது உட்கார்ந்தவள், ராத்திரி கடை அடைத்துத் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இருந்தாள், கழுத்தில் உன் தலையணையோடு. பதினாலு மணி நேரம் தாண்டிவிட்டேன், இன்னும் பத்துதான் பாக்கி என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். இன்று விடியற்காலையில் இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். சிவந்து, சுட்டது. காலில் ரத்தம் கட்டிக்கொண்டிருக்கிறது. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் நான் வேறு மாதிரி போன் செய்திருப்பேன் என்று டாக்டர் சொல்லாமல் சொன்னார். ஊசி போடுகிறார்கள். ஆபத்து குறைந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் ஒரு நாளெல்லாம் அசையாமல் ஏன் உட்கார்ந்திருந்தார்கள் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். மருந்துக் கடையில் பதினாறு வருஷமாக நிற்கிறேன். கால் வீக்கத்துக்கு எத்தனை பேருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நான் என்ன பதில் சொல்ல?

இனிப் பல மாதத்துக்கு விமானப் பயணம் கூடாதாம். நாலு மணி நேரம்கூட. கேட்டுக்கொண்டாயா? போன மாதம் வரைக்கும் அவள் தாராளமாகப் போயிருக்கலாம்.

இனி என் முறை.

டிக்கெட் பெண் கடைக்கு வந்தது 'நேற்று' என்று எழுதினேன். நேற்று இல்லை. ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றைக்கே எனக்குத் தெரியும். உன்னிடமும் கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. ஏன் என்று இந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். சொன்னால் அம்மா உன்னிடம் போய்விடுவாள். ஆறு மாதம் அந்த வீட்டில் நான் தனியாக யாரோடு சண்டை போடுவேன்? அது ஒன்று. இன்னொன்று, எழுதவே கூசுகிறது. தம்பி ஏமாற்றுகிறான், நான் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது. தெருவில் எல்லோரும் பொறுமைசாலி என்றார்கள். கேட்கக் கேட்க இனித்தது. அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம். நீ வாய் திறக்கட்டும், உன் குட்டு உன் வாயால் உடையட்டும் என்று காத்திருந்தேன். அவள் காலை வைத்து உன்னை மடக்கப் பார்த்திருக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளை உட்கார வைத்தோம். அதனால் உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நாளை வந்ததும் அவளிடம் சொல்லிவிடு. நான் சொல்ல மாட்டேன், உன் வாயால் வர வேண்டும் என்று நீதான் கேட்டாய்.

இன்றைய பிளேனில் இடம் கிடைக்கவில்லை என்றாய். பரவாயில்லை. பத்திரமாக வந்து சேர்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிளேனில் படித்தேன். படித்து முடித்தபோது சாப்பாட்டுத் தட்டைக்கூட இன்னும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

உன் பங்கை நீ எழுதிவிட்டாய். என் பங்கு அதைவிடப் பெரியது. இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி.

அன்றைய பிளேனில் இடம் கிடைத்தது. நீ காலையில் போன் செய்தாய், பதினொரு மணி விமானத்தில் ஏறிவிட்டேன். மூன்று மணிக்கெல்லாம் உங்கள் ஊரில் இறங்கிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் அரை மணி நேரம். பையை எடுத்துக்கொண்டு விமான நிலைய வாசல் வரைக்கும் வந்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. காலையில் செய்தி கேட்டவன் சாயங்காலம் எப்படி வந்து நிற்பான்? அம்மா கேட்பாளே, உடம்பு இருக்கிற நிலைமையில் இதை வேறு எப்படிச் சொல்வது? இப்படியெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பயம்தான் அக்கா. திரும்பிப் போய், வந்து இறங்குகிறவர்களுக்காகக் காத்திருக்கும் கூடத்தில், மூன்று நாற்காலிகளில் குறுக்காகப் படுத்தேன். காலைப் பெட்டி மேலே தூக்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை வரை அங்கேதான் இருந்தேன். நீ ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரம் நான் அதே ஊரில், அரை மணி தூரத்தில், காலை நீட்டிப் படுத்திருந்தேன்.

காலையில் வந்து நின்றபோது நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, களைத்துப்போயிருக்கிறாய் என்றாய். அப்போதே நான் செத்துவிட்டேன்.

பிறகு நீ மருந்து வாங்கக் கீழே போனாய். அப்போது நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. அம்மா, "காலை இப்படி மேல வை" என்றாள். எதற்கு என்றேன். "வைடா" என்றாள். அவள் கட்டில் மேலேயே என் இரண்டு காலையும் தூக்கி வைத்தேன். சாக்ஸைக் கழற்றினாள். கணுக்கால் எலும்புக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள். குழி விழவில்லை. அடுத்த காலையும் அழுத்திப் பார்த்தாள்.

"எனக்கு ஏழு மணி நேரத்துலயே விழுந்துச்சு" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சந்தேகம் தீர்ந்த மாதிரி சொன்னாள். நான் "அம்மா" என்று ஆரம்பித்தேன். அவள் சாக்ஸை மறுபடி என் காலில் மாட்டி, மேலே இழுத்துவிட்டு, "முகம் கழுவிட்டு வந்து ஏதாவது சாப்டு" என்றாள். அத்தோடு சரி. அந்த ஒரு வாரத்தில் நீ இரண்டு தடவை "சொல்லிட்டியா?" என்று கேட்டாய். இரண்டு தடவையும் தலையாட்டினேன். நான் ஒன்றும் சொல்லவில்லை அக்கா. என் கால் சொன்னதுதான்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. எழுந்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தாள். அப்பா பெல்ட் எங்கே என்று நீ தேடினாயே, என் பெட்டிக்குள் இருக்கிறது. கிளம்பும் அன்று அவளே வைத்தாள். "உனக்குச் சரியா இருக்கும்" என்றாள். இன்னும் மாட்டிப் பார்க்கவில்லை.

கடைசியாக இது. நேற்று காலை நீ என்னை வாசலில் அனுப்பிவிட்டு நேராகக் கடைக்குப் போய்விட்டாய். அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. திரும்பும்போது எதிர்காற்று, கால் மணி நேரம் கூடுதல். இறங்கி, பாஸ்போர்ட் வரிசையில் நின்றபடி போனைப் போட்டேன். நம் வீட்டு எண்ணிலிருந்து மூன்று தடவை அழைப்பு வந்திருந்தது. முதல் அழைப்பு, நான் ஏறி இரண்டு மணி நேரம்கூட ஆகாதபோது. எவ்வளவு நேரம் என்று தெரியாமல் அவளாகவே உத்தேசமாகப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி அடித்தது.

அக்கா, அப்போதும் நான் உடனே எடுக்கவில்லை. எடுத்தால் இறங்கிவிட்டேன். எடுக்காவிட்டால் இன்னும் இருபது மணி நேரம் ஆகாயத்தில் இருக்கலாம். அடித்து அடித்து நின்றுபோனது. வரிசையில் பின்னால் நின்றவர் என்னைப் பார்த்தார். ஐந்தாவது தடவை அடித்தது. எடுத்தேன்.

"இறங்கிட்டியா?"

"இறங்கிட்டேன்மா."

"எவ்ளோ நேரம்டா ஆச்சு?" என்று கேட்டாள்.

"நாலு மணி நேரம்மா. நாலே கால்."

"பக்கம்தான்" என்றாள்.

அழுகிறாளோ என்று பார்த்தேன், இல்லை. நான்தான் அந்த வரிசையில் நின்று, எல்லோர் முன்னாலும் அழுதேன். மன்னித்துவிடு என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அவள் அதற்குள், "சரி, நீ வீட்டுக்குப் போ. நானும் போய்ப் படுக்கறேன், தூக்கமா வருது" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்போது சாயங்காலம்கூட ஆகவில்லை.

அடுத்த மாதம் பத்தாம் தேதி பாப்பாவோடு வருகிறேன். அதற்கு அடுத்த மாதமும் வருவேன். டாக்டர் அம்மாவைப் பறக்க விடும்வரை என் ஆறு மாதத்தை அங்கே வந்துதான் கழிக்கப்போகிறேன். நம்பமாட்டாய், நம்ப வேண்டாம். டிக்கெட்டைப் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். விமானம் மூன்று மணிக்கு இறங்கும்.

மூன்றரைக்கு வீட்டில் இருப்பேன்.

தம்பி